முதல் பால் கன்றுக்கு, மிச்சம்தான் ஜுன்னுக்கு

ஓசூரிலிருந்து பாகலூர் வழியாக வடகிழக்கே போகிற சாலையில் தமிழ்நாட்டின் கடைசிப் பெரிய ஊர் என்று பேரிகையைச் சொல்லலாம். அதைத் தாண்டினால் கர்நாடகத்தின் மாஸ்தி, மாலூர். பேரிகைக் கடைவீதியில் தெலுங்கில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் பில் வாங்குகிறவர்கள் உண்டு. சாலையின் இரண்டு பக்கமும் கேழ்வரகு, தக்காளி, முட்டைக்கோஸ், பீன்ஸ், ரோஜாவுக்கான பசுமைக்குடில்கள். இவற்றுக்கு நடுவே வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ கறுப்பு வெள்ளைக் கலப்பின மாடுகள்.

அதிகாலையில் இந்த ஊர்களின் சாலையோரம் இரண்டு கூட்டம் நிற்கும். ஒன்று, ஓசூர் சிப்காட்டுக்கும் சூளகிரிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் போகிற இளைஞர்கள், கம்பெனிப் பேருந்துக்காக. இன்னொன்று, பால் கேன்களோடு சங்கத்துக்கு வந்த அவர்களுடைய அம்மாக்கள். மகன் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் மாடும் கன்றும் தோட்டமும் அம்மாவின் தலையில்தான். இந்தப் பகுதியின் கன்று வளர்ப்பைப் பற்றி யார் பேசினாலும், அந்த அம்மாவுக்கு ஒரு நாளில் எத்தனை நேரம் மிச்சம் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

பால் இங்கே தினசரிக் காசு. தக்காளி விலை ஒரு வாரம் ஏறும், மறுவாரம் பறிப்புக்கூலிக்குக்கூடத் தேறாது. பால் பணம் அப்படி ஏமாற்றாது. எல்லைக்கு அந்தப் பக்கம் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்குக் கர்நாடக அரசு லிட்டருக்கு 5 ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. இந்தப் பக்கம் ஆவின் சங்கங்களுக்கு ஊற்றுகிறவர்களுக்கு 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. இப்படி ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்குப் பார்க்கிற இடத்தில் முதலில் கை வைக்கப்படுவது கன்றின் பங்கில்தான். கேன் நிரம்பிய பிறகு மடியில் மிச்சம் இருந்தால் அது கன்றுக்கு. ஒட்டக் கறந்த மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கன்று கயிற்றைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

அந்தக் கன்று மூன்று மாதத்தில் வயிறு தொங்கி, ரோமம் சிலிர்த்து, முதுகெலும்பு தெரிய நிற்கும்போது, "இது தேறாது, வித்துட்டு ஒரு கறவை மாடு வாங்கிடலாம்" என்று வீட்டில் பேச்சு வரும். கோலாரைத் தாண்டிச் சிந்தாமணிச் சந்தைக்கு வண்டி பிடிப்பார்கள். அங்கே நல்ல கறவை மாடுகள் கிடைக்கும் என்பது உண்மை. விலையும் அதற்கேற்ப இருக்கும். சந்தையில் காட்டுகிற பால் வீட்டுக்கு வந்த பிறகும் கிடைக்குமா, மடிநோய் இருந்து மறைத்திருக்கிறார்களா, கருச்சிதைவு நோய் உண்டா என்பதெல்லாம் காசைக் கொடுத்த பிறகுதான் தெரியவரும்.

வீட்டுக் கன்றுக்கு ஆகிற செலவை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். பிறக்கும்போது 28 கிலோ இருக்கும் ஒரு கிடாரிக் கன்றுக்கு முதல் மாதம் தினமும் ஏறக்குறைய 3 லிட்டர், இரண்டாம் மாதம் இரண்டரை லிட்டர், மூன்றாம் மாதம் ஒன்றரையில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே போனால், மொத்தம் 200 லிட்டர்தான் வரும். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் 7,000 ரூபாய். அதிலும் முதல் ஐந்து நாள் பாலை எந்தச் சங்கமும் வாங்காது. அந்த 15 லிட்டரை இதிலிருந்து கழித்துவிடலாம். சந்தையில் ஒரு கறவை மாட்டுக்குக் கொடுக்கிற விலையில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று அவரவரே வகுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நன்றாக வளர்ந்த கலப்பினக் கிடாரி இரண்டு, இரண்டரை வயதில் தலை ஈத்துக் கன்று போடும். கன்றுப் பருவத்தில் பட்டினி கிடந்தது மூன்று, மூன்றரை வயது வரை சும்மா நின்று தின்னும். இடையில் போகிற ஒரு வருஷத் தீவனமும் ஓர் ஈத்துப் பாலும் யார் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

ஆனால் பேரிகைப் பக்கத்தில் கன்றுக்கு நேர்கிற முதல் இழப்பு சங்கத்தால் வருவதல்ல. அது அக்கம்பக்கத்து அன்பால் வருகிறது.

தமிழில் சீம்பால் என்பதை இங்கே தெலுங்கு வீடுகளில் ஜுன்னு என்பார்கள், கன்னட வீடுகளில் கின்னு. வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்தால் கத்தியால் துண்டு போடுகிற பதத்துக்கு வரும். அதன் ருசிக்கு ஈடு கிடையாது. ஒரு வீட்டில் மாடு கன்று போட்டுவிட்டது என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். சொம்போடு பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து நிற்கும். "அக்கா, ஜுன்னுப் பால் இருக்கான்னு அம்மா கேட்டாங்க." இல்லை என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. பெங்களூரு பக்கம் இருப்பதால் இப்போது சீம்பாலைக் காசு கொடுத்து வாங்குகிற ஆளும் உண்டு. இதற்கு நடுவில் கன்றுக்கு அரை லிட்டர் போனால் பெரிது.

மனிதக் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே நோய் எதிர்ப்புப் பொருளை நஞ்சுக்கொடி வழியாக ஓரளவு வாங்கிக்கொண்டு பிறக்கிறது. மாட்டுக் கன்றுக்கு அந்த வழி இல்லை. மாட்டின் நஞ்சுக்கொடி அதை உள்ளே விடாது. கன்று வெறும் கையோடு பிறக்கிறது. அதன் தடுப்பூசி முழுவதும் சீம்பாலில்தான் இருக்கிறது. அதற்கும் நேரக் கெடு உண்டு. பிறந்த சில மணி நேரம் கன்றின் குடல் அந்த எதிர்ப்புப் பொருளை அப்படியே ரத்தத்துக்குள் விடும். மணிக்கு மணி அந்த வழி குறுகி, ஒரு நாள் ஆவதற்குள் அடைபட்டுவிடும். மறுநாள் ஐந்து லிட்டர் கொடுத்தாலும் அது சத்தான பால்தான். நோயைத் தடுக்கும் வேலையை முதல் நாள் சீம்பால் போல் செய்யாது.

ஆகையால் பிறந்து அரை மணி நேரத்தில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இன்னொரு முறை அதே அளவு. ஊட்டுகிற கன்று எவ்வளவு குடித்தது என்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால், முதல் நாள் மட்டுமாவது கறந்து அளந்து, காம்பு பொருத்திய புட்டியில் கொடுப்பது நல்லது. சோர்ந்துபோன கன்றுக்கு மூங்கில் குழாயால் தொண்டையில் ஊற்றுவது பழைய வழக்கம். அது நுரையீரலுக்குள் போய்விட்டால் கன்று பிழைக்காது. சப்பத் தெம்பில்லாத கன்றுக்குக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவதுதான் வழி. 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

கலப்பின மாடு முதல் கறவையிலேயே கன்றுக்குத் தேவையானதைவிட அதிகமாகக் கொடுக்கும். கன்று குடித்தது போக மிச்சத்தில் தெருவுக்கே ஜுன்னு கிண்டலாம். "இரும்மா, கன்னு வயிறு நிறையட்டும், சாயங்காலம் வந்து வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டால் உறவும் கெடாது, கன்றும் பிழைக்கும். வீட்டில் ஃபிரிட்ஜில் உறைய வைக்கும் பெட்டி இருந்தால் ஒரு லிட்டரை அதில் எடுத்து வைப்பது இன்னும் நல்லது. அடுத்த மாதம் பக்கத்து வீட்டு மாடு மடிநோயோடு கன்று போட்டால் அந்தக் கன்றுக்கு அது உயிர். வெந்நீரில் வைத்துத்தான் உருக்க வேண்டும். அடுப்பில் காய்ச்சினால் திரிந்துபோகும், எதிர்ப்புப் பொருளும் கெடும்.

நஞ்சுக்கொடி விழுகிற வரை கன்றை ஊட்ட விடக்கூடாது என்று இந்தப் பக்கம் இன்னும் பல வீடுகளில் சொல்கிறார்கள். கொடி விழ எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் கன்றின் நல்ல நேரம் பாதி கழிந்துவிடும். உண்மையில் கன்று முட்டி ஊட்டும்போது சுரக்கிற அதே சுரப்புத்தான் கருப்பையைச் சுருக்கிக் கொடி விழவும் உதவுகிறது. பெரியவர்கள் சொன்னதில் எவ்வளவோ நல்லது உண்டு. இது அதில் சேராது.

தொப்புள் இன்னொரு கதவு. உடம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, கொதிக்க வைத்த நூலால் கட்டி, அதற்குக் கீழே சுத்தமான கத்தரியால் வெட்டி, டிஞ்சர் அயோடினில் முக்கி எடுக்க வேண்டும். காய்ந்து உதிரும் வரை தினமும் மருந்து. மூட்டு வீங்கி எழ முடியாமல் கிடக்கிற கன்றுகளில் பலவற்றுக்கு நோய் உள்ளே போன வழி தொப்புள்தான். அடிபட்ட வீக்கம் என்று எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருப்பார்கள்.

பேரிகையின் குளிரை வெளியூர்க்காரர்கள் குறைத்து மதிப்பிடுவார்கள். கடல் மட்டத்திலிருந்து உயர்ந்த மேட்டு நிலம் இது. மார்கழி, தை விடியலில் பனி மூடி எதிரே வருகிற ஆள் தெரியாது. பிறந்த கன்றுக்கு 15 டிகிரிக்குக் கீழே போனாலே உடம்புச் சூட்டைக் காக்கக் குடித்த பால் செலவாகும். வளர்ச்சிக்கு மிச்சம் இருக்காது. பெரிய மாட்டுக்கு அந்தக் குளிர் ஒன்றுமே இல்லை என்பதால் கன்றுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். சிமென்ட் தரையில் கோமியம் ஓடுகிற இடத்தில் கட்டிய கன்று, வெள்ளைக் கழிச்சலுக்கும் சளிக்கும் காத்திருக்கிற கன்று. செலவில்லாத மருந்து கேழ்வரகுத் தாள். ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, ஈரமானதை அன்றன்று எடுத்துப் புதிதாகப் போட்டால் போதும். பழைய கோணிப்பையை முதுகில் போட்டுக் கட்டலாம். காலையில் நனைந்திருந்தால் கழற்றிவிட வேண்டும். குளிர் மாதத்தில் தினமும் அரை லிட்டர் பால் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு ஆகாது.

வெள்ளைக் கழிச்சல் கண்டால் பாலை நிறுத்திப் பட்டினி போடுவது பரவலான பழக்கம். கழிச்சலால் சாகிற கன்று பெரும்பாலும் கிருமியால் நேரடியாகச் சாவதில்லை. உடம்பு நீரும் உப்பும் வற்றிச் சாகிறது. கண் குழிவிழுந்து, கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புகிறது என்றால் வற்றிவிட்டது என்று பொருள். மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை அதில் சொல்லியிருக்கிற அளவு காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, பால் கொடுக்கிற வேளைக்கு இடைப்பட்ட நேரத்தில், நாளைக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பாலை ஒரு வேளைக்குக் குறைத்து, வேளைகளைக் கூட்டலாம், நிறுத்தக்கூடாது. காது சில்லிட்டு, எழாமல் படுத்துவிட்ட கன்றுக்கு வாய்வழி நீர் போதாது. அதற்கு நரம்பில் ஏற்ற வேண்டும், அதுவும் அன்றைக்கே.

ஷிஃப்டு வேலை இருக்கிற வீடுகளில் கழிச்சலுக்கு வேறொரு காரணமும் சேர்கிறது. ஒருநாள் காலை 5 மணிக்கு அம்மா சூடாகக் கொடுப்பார். மறுநாள் இரவு ஷிஃப்டு முடித்து வந்த மகன் 9 மணிக்கு ஆறிய பாலை வாளியோடு வைப்பார். கன்றின் வயிறு இந்த மாற்றத்தைத் தாங்காது. கறந்த சூட்டில், ஒரே நேரத்தில், ஒரே அளவில் என்பது எந்த டானிக்கைவிடவும் பெரிது. நல்ல பாலை ஏன் காய்ச்ச வேண்டும் என்ற கேள்வி அடிக்கடி வரும். அப்போதே கறந்த சுத்தமான பாலைக் காய்ச்ச வேண்டியதில்லை. மடிநோய் மாட்டின் பாலையும், மருந்து போட்ட மாட்டின் பாலையும் காய்ச்சினாலும் கொடுக்கக்கூடாது. தோட்டத்தில் மருந்து கலக்கிய வாளி எக்காரணத்தாலும் கன்றுப் பக்கம் வரக்கூடாது. ரோஜாவும் முட்டைக்கோஸும் விளைகிற ஊரில் இதை இரண்டு முறை சொன்னாலும் தப்பில்லை. மருந்தடித்த தோட்டத்துக் கோஸ் இலையும் அப்படியே. பால்குடிக் கன்றுக்கு அது தீவனம் ஆகாது.

ஊட்ட விடுவதா, கறந்து கொடுப்பதா என்பதில் ஊரே இரண்டாகப் பிரிந்து பேசும். ஒரு மாடு வைத்திருக்கிற வீட்டில் கன்றை ஊட்ட விட்டு வளர்ப்பதில் குற்றமில்லை. கன்றுக்கென்று ஒரு காம்பை ஒதுக்கிவிட வேண்டும், கடைசியில் சொட்டுகிற பால் அதன் பங்கு அல்ல. மாடு மூன்று நான்கு ஆகிவிட்டால் பிறந்தது முதலே புட்டியிலோ வாளியிலோ பழக்குவது சுலபம். கன்று இறந்துபோனாலும் பால் மறுக்காது. கலப்பின மாடு கன்று முகம் பார்க்காமலே கறக்கும்.

பால்குடிக் கன்றைப் புல் தின்னப் பழக்கினால் வயிறு பெருக்கும், சீக்கிரம் பால் மறக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். பிறந்த கன்றுக்கு அசைபோடும் பெருவயிறு சும்மா ஒரு சுருங்கிய பை. குடிக்கிற பால் அதைத் தொடாமல் நேராக நான்காம் அறைக்குப் போய்விடும். அந்தப் பையின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் சின்னஞ்சிறு விரல்கள் வளர வேண்டும். அவற்றை வளர்ப்பது புல்லைவிட, தானியம் உள்ளே புளிக்கும்போது உண்டாகிற அமிலங்கள்தான். வைக்கோலை மட்டும் தின்ற கன்றின் தொங்கு வயிறு பெரிய வயிறு என்று தோன்றும். வேலை செய்யாத வயிறு அது.

இரண்டாம் வாரத்திலிருந்தே பால் குடித்து முடித்ததும் ஒரு கைப்பிடி கன்றுத் தீவனத்தை மூக்கிலும் வாயிலும் தடவிவிட வேண்டும். கடையில் வாங்காமல் வீட்டில் கலப்பதானால் 100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 45, கடலைப் பிண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 22, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. சோளத்தில் பத்துக் கிலோவைக் குறைத்து உடைத்த கேழ்வரகு சேர்க்கலாம். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. பூசணம் பிடித்த பிண்ணாக்கு வேண்டாம். மாட்டுத் தீவனத்தில் யூரியா சேர்ந்திருக்கலாம் என்பதால் அதை அள்ளிப்போடவும் வேண்டாம். தண்ணீர் முதல் வாரத்திலிருந்தே தனியாக வேண்டும். பாலில் தண்ணீர் இருக்கிறதே என்பார்கள். பால் நான்காம் அறைக்குப் போகிறது. பெருவயிற்றில் தானியம் புளிக்கக் குடிதண்ணீர்தான் போய்ச் சேர வேண்டும்.

மண் தின்கிறது என்று நாளெல்லாம் வாய்க்கூடை போட்டு வைக்கிற வழக்கத்தால் கன்று தீவனமும் தின்னாது, தண்ணீரும் குடிக்காது. உப்புக்கட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, குடற்புழுவைக் கவனித்தால் மண் தின்பது பெரும்பாலும் குறையும். உருண்டைப் புழுவில் ஒரு வகை தாய்ப்பால் வழியாகவே கன்றுக்கு வரும். கொட்டகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது வரும், எருமைக் கன்றில் இன்னும் அதிகம். அதனால் பத்து முதல் பதினைந்தாம் நாளுக்குள் முதல் புழு மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, எடைக்குத் தக்க அளவில், மருத்துவர் சொல்கிறபடி.

எடைக்குத் தராசு வேண்டாம். தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று பார்த்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்புட்டம் வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். நெஞ்சளவு 28, நீளம் 26 என்றால் ஏறக்குறைய 31 கிலோ. அதே கன்று மூன்று மாதத்தில் 36-க்கு 32 என்று ஆகியிருந்தால் 63 கிலோ. பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு ஆகிவிட்டது, வளர்ப்பு தேறியது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில், 1824-இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கி 1924-இல் கால்நடைத் துறைக்கு வந்த அரசுக் கால்நடைப் பண்ணை இருக்கிறது. அதுபோன்ற பண்ணைகளில் ஒவ்வொரு கன்றுக்கும் எண்ணும் எடைப் பதிவும் உண்டு. ஒற்றை மாட்டு வீட்டுக்கு அது சமையலறைக் காலண்டரின் தேதிக் கட்டத்தில் அடங்கிவிடும்.

பாலை நிறுத்துவதற்கு வயதைவிட வாய்தான் அளவுகோல். தினமும் ஒரு கிலோ கன்றுத் தீவனத்தைத் தொடர்ந்து மூன்று நாள் தின்றுவிட்டால் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். எட்டு வாரத்தில் தயாராகிற கன்றும் உண்டு, பன்னிரண்டு வாரம் ஆகிற கன்றும் உண்டு. தின்னப் பழகாத கன்றைத் திடீரென்று நிறுத்தினால் அதுவரை போட்ட பால் வீண்.

காளைக் கன்றைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஏருக்கும் வண்டிக்கும் வேலை இல்லாத ஊரில் கலப்பினக் காளைக் கன்று பிறந்தால் வீட்டில் முகம் வாடும். சீம்பால்கூடக் கொடுக்காமல், தானாகவே போகட்டும் என்று விடுவது நடக்கிறது. அது பாவம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கழிச்சலோடு கிடக்கிற அந்தக் கன்றுதான் அடுத்துப் பிறக்கிற கிடாரிக்கும் நோயைக் கொடுக்கும். பெண் கன்றாகவே பெறப் பாலினம் பிரித்த உறைவிந்து இப்போது கிடைக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் கிடாரி எதிர்பார்க்கலாம். நல்ல கறவை மாட்டுக்கு ஊசி போடும்போது கால்நடை மருந்தகத்தில் இதைக் கேட்டு வாங்கலாம்.

பால் மறந்த கிடாரிக்கு நான்கு மாதம் ஆனதும் கோமாரித் தடுப்பூசி. எட்டு மாதம் முடிவதற்குள் ஆயுளில் ஒரே ஒருமுறை கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி. இது கிடாரிக்கு மட்டும், காளைக்குப் போடக்கூடாது. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இரண்டும் இலவசம். போட்டதும் காதில் மஞ்சள் வில்லை இல்லாவிட்டால் மாட்டிவிடுவார்கள். அந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணைக் காலண்டரில் எடை எழுதிய பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். பிறகு கடனுக்கும் காப்பீட்டுக்கும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.